ஆடாமல் அசையாமல்

"அவ இப்படி இல்ல டாக்டர். நம்புங்க. வீட்டுல ஒரு நிமிஷம் ஒரு இடத்துல உக்கார மாட்டா."

பெற்ற மகளைப் பற்றி ஒரு தாய் இப்படிக் கெஞ்சினால் கேட்க நன்றாகவா இருக்கும்? பக்கத்தில் இருந்த நாத்தனார் உதட்டைச் சுழித்துக்கொண்டாள்.

எட்டு வயது மகளோ இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, பிரம்பு நாற்காலியில் ஆடாமல் அசையாமல் இருந்தாள். எதிரே மேசையில் ஒரு பந்து, கலர் பென்சில் டப்பா, சாவி கொடுத்தால் ஓடும் ரயில். எதையும் தொடவில்லை. உள்ளே வந்து இருபது நிமிஷம் ஆகிவிட்டது. வந்ததும் டாக்டரம்மா ஒரு ஆமைக் கதை சொன்னபோதும் அப்படியேதான் இருந்தாள்.

காலையில் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடைபாதைக் கல்லையெல்லாம் தாண்டித் தாண்டிக் குதித்து வந்தவள்தான். அங்கே நாத்தனார் வந்து சேர்ந்ததும் அடங்கினாள். இன்னும் அடக்கம்தான்.

நாலு மாசம் காத்திருந்து கிடைத்த அப்பாயின்ட்மென்ட் இது. 'கவனம் ஓரிடத்தில் நிற்காமல் துறுதுறுவென்று இருக்கிற ஏ.டி.எச்.டி. கோளாறாக இருக்கலாம், மாசக் கடைசிக்குள் டாக்டர் லெட்டர் வேண்டும், இல்லையென்றால் வேறு ஸ்கூல் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஸ்கூலில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். மாசக் கடைசிக்கு இன்னும் ஐந்தே நாள்.

"போன வாரம் பஸ் நிக்கறதுக்குள்ள படியில இறங்கிட்டா டாக்டர். ரெண்டு மாசத்துல நாலு தண்ணி பாட்டிலைத் தொலைச்சாச்சு. ஒரு பக்கம் எழுதி முடிக்கறதுக்குள்ள பதினஞ்சு தடவை எந்திரிப்பா."

"சின்னப் பிள்ளைன்னா அப்படித்தான்." நாத்தனார் குறுக்கே புகுந்தாள். "தம்பிக்கு லீவு கிடைக்கலன்னு நான் கூட வந்தேன் டாக்டர். உள்ளதைச் சொல்றேன். என் எதிர்ல இவ பெட்டிப்பாம்பா அடங்கி இருப்பா. அம்மாகிட்ட மட்டும்தான் இந்த ஆட்டமெல்லாம். அப்ப கோளாறு எங்க இருக்கு? வளர்ப்புலதானே?"

அந்த வார்த்தை அம்மாவுக்குப் புதிதா என்ன? பஸ்ஸில் கேட்டிருக்கிறாள், ஸ்கூல் வாசலில் கேட்டிருக்கிறாள். ஒருவேளை நிஜமாகவே நான்தான் சரியில்லையோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். "இன்னைக்குப் பார்த்த வரைக்கும் லெட்டர் கொடுக்கற அளவுக்கு எதுவும் தெரியலையே. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம்."

"ஆறு மாசமா?" அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "கண்ணு, வீட்டுல இருக்கற மாதிரி இரேன். எந்திரிச்சு அந்தப் பந்தையாவது எடேன்."

உலகத்தில் எந்த அம்மாவும் பிள்ளையிடம் இப்படிக் கேட்டிருக்க மாட்டாள். மகள் பந்தைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். எடுக்கவில்லை. உதடு மட்டும் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

டாக்டர் எழுதப் போனவர், அந்த உதட்டைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"வந்ததும் உனக்கு ஒரு கதை சொன்னேனே, அதுல அந்த ஆமை கடைசில எங்க போச்சு?"

"கதையா?" மகள் விழித்தாள். "எப்ப சொன்னீங்க?"

"அப்ப இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டு இருந்தே?"

"ஆடாம இருந்தேன். ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே இருந்தா ஆடாம இருக்கலாம். ஆனா வேற எதுவும் காதுல விழாது."

டாக்டர் அவள் கைகளை மெல்ல வெளியே எடுத்துப் பார்த்தார். விரலெல்லாம் சிவந்து, பிரம்புப் பின்னலின் தடம் பதிந்திருந்தது.

"ஆடக் கூடாதுன்னு யார் சொன்னா? அம்மாவா?"

மகள் இல்லை என்று தலையை ஆட்டினாள். எட்டி டாக்டரின் காதருகே போனாள். ரகசியமாகத்தான் சொன்னாள். பாவம், ரகசியம் பேசவும் அவளுக்கு வராது. அறை முழுக்கக் கேட்டது.

"யாரும் சொல்லல. நான் ஆடினா அத்தை அம்மாவைத் திட்டுவாங்க. அப்புறம் அம்மா பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவாங்க."