தொண்ணூறிலிருந்து நூறு சென்டிமீட்டர்

மூன்று பெண்கள் எங்கள் வீட்டு ஹாலில் முகம் நிறையக் கருஞ்சேற்றைப் பூசிக்கொண்டு, கண்ணை மூடி, மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்திருந்தபோது என் மகள் சைமா உள்ளே வந்தாள்.

கையில் தெர்மாகோல் பெட்டி. வடலூர் வரை போய் வாங்கி வந்திருந்தாள்.

நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அவள் மூன்று முகங்களையும் பார்த்தாள். பிறகு டீப்பாயின் மேல் கிடந்த காலிப் பாக்கெட்டைப் பார்த்தாள். அதில் ஒட்டியிருந்த சீட்டில் 90–100 செ.மீ. என்று எழுதியிருந்தது.

தெர்மாகோல் பெட்டி கீழே விழுந்தது. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

"அம்மா, என்ன பூசியிருக்கீங்க?"

என் மனைவி கமர் நிஷா உதட்டை அசைக்காமல் பேசினாள். காய்கிறவரை முகத்தை அசைத்தால் வெடித்துவிடுமாம். "நீ ஃப்ரிட்ஜுல வெச்சிருந்தியே, அந்தமான் சேறு. ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தேன்."

"பத்து பாக்கெட் இருந்துச்சே. இதை ஏன் எடுத்தீங்க?"

"மேல இருக்கறதெல்லாம் வெறும் மண்ணுடி. அடியில கருப்பா இருக்கறதுதான் சரக்கு. மைன்ஸ்காரர் பொண்டாட்டிக்கு இதுகூடத் தெரியாதா?"

அது அவள் குற்றமில்லை. இருபத்தெட்டு வருஷமாக நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்து நான் சொன்னது இது ஒன்றுதான். மேல்மண்ணை வாரி ஒதுக்கினால் அடியில் கருப்பு தெரியும். இந்த ஊரே அப்படித்தான் எழும்பியது.

சைமாவின் வேலை வேறு. அந்தமான் தீவுகளின் அலையாத்திக் காடுகளில் இடுப்பளவு சேற்றில் நின்று, குழாயை இறக்கி, மண்ணை அடுக்கடுக்காக எடுத்து, ஒவ்வொரு பாக்கெட்டிலும் அது எந்த ஆழத்துச் சேறு என்று எழுதி ஒட்டுகிறாள். காற்று புகாத அந்தச் சேற்றில் இலையும் வேரும் மட்குவதே இல்லையாம். மரங்கள் காற்றிலிருந்து இழுத்த கார்பன் அங்கேயே தூங்குகிறதாம். எவ்வளவு தூங்குகிறது என்று அளப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஆய்வகம் திங்கட்கிழமை திறக்கும்வரை சேறு எங்கள் ஃப்ரிட்ஜில், தோசை மாவுக்கு மேல் தட்டில் இருந்தது. அதை எடுத்துப்போகத்தான் தெர்மாகோல் பெட்டி.

அவள் கார்பன் என்பதைத்தான் நாங்கள் கரி என்கிறோம். நான் எழுப்புகிறேன், அவள் தூங்கட்டும் என்கிறாள். இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருமுறைகூடப் பேசியதில்லை. சாப்பிடும்போது அந்தப் பக்கம் பேச்சு திரும்பினால் இருவருமே ரசத்துக்குக் கை நீட்டிவிடுவோம்.

"மூணு மாசம்மா," என்றாள் சைமா. "முதலை வருதான்னு ஒருத்தர் காவல் நின்னு எடுத்தது. ஆயிரம் வருஷத்துச் சேறு அது. திரும்பப் போக பர்மிஷன் தர மாட்டாங்க."

"ஆயிரம் வருஷமா?" பக்கத்து குவார்ட்டர்ஸ் விஜயலட்சுமி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "அதான் இந்த இழு இழுக்குது பாருங்கக்கா. கடையில வாங்கறது இப்படி இழுக்காது."

"வாடைதான் ஒரு மாதிரி," என்றாள் கனகம். வடக்குத்திலிருந்து எங்கள் பிளாக்குக்குப் பால் கொண்டுவருகிறவள். "தெனம் மோந்துகினு இருக்கற வாடையாட்டம் இருக்குது."

"அந்தமான் வாடை உனக்கெப்படிடி தெரியும்? பேசாத, கோடு விழும்," என்றாள் கமர் நிஷா.

மூவரும் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்கள்.

இருபத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இந்த வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. மின்விசிறிக்கு ஒரு முனகல் உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சைமா ஒரு தேக்கரண்டியும் புதுப் பாக்கெட்டும் எடுத்து வந்தாள். அம்மாவின் தாடையில் கரண்டியை வைத்தாள். அதில் எது காடு, எது காலையில் பூசிய பவுடர் என்று யோசித்திருப்பாள். கரண்டி கீழே இறங்கியது.

"அத்தா, இங்கதானே உக்காந்திருக்கீங்க? நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவள் குரல் உடைந்துவிட்டது.

"உங்க அத்தா என்னிக்குடி வாயைத் தொறந்தாரு," என்றது சேறு.

எழுந்தேன். காகிதத்தை மடித்து வைத்தேன். சைமாவின் தோளைத் தொட்டு, வீட்டுக்குப் பின்னால் குழாயடிக்குக் கூட்டிப்போனேன். சத்தத்துக்காகக் குழாயைத் திறந்துவிட்டேன்.

"உன் பாக்கெட் ஜாகிர் கடையில இருக்கும்மா. ஐஸ்கிரீம் பெட்டியில, குச்சி ஐஸுக்கு அடியில. நேத்தே கொண்டுபோய் வெச்சிட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள்.

"மூணு பேரும் அடி பாக்கெட்டை எடுக்கத் திட்டம் போட்டது காதுல விழுந்துச்சு. உங்கம்மாகிட்ட வேணாம்னு சொன்னா, வேணாம்னு சொன்னதுக்காகவே பூசுவா."

சீட்டில் அவளுடைய கையெழுத்தைப் போலவே எழுத முக்கால் மணி நேரம் பிடித்ததை நான் சொல்லவில்லை.

"அப்ப அவங்க மூஞ்சியில இருக்கறது?"

பக்கெட் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"வடக்குத்து குட்டை," என்றேன். "எருமைங்க படுத்து எந்திரிச்ச எடம்."

சைமா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவள் என் மகள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குழாயை மூடினாள். உள்ளே போனாள்.

ஹாலிலிருந்து அவள் குரல் கேட்டது, அவ்வளவு அன்பாக.

"போனா போவுது விடுங்கம்மா. இன்னும் அரை மணி நேரம் அப்படியே வெச்சிருங்க. அப்பத்தான் நல்லா உள்ள எறங்கும்."