கண்ணாணை

"எடுத்த கண்ணைக் காக்காய்க்குப் போட்டாலும் போடுவன், உன்ட புருசனுக்குக் குடுக்கமாட்டன். போ."

மீராசாஹிப் போட்ட சத்தம் ஆஸ்பத்திரி வாட்டு முழுக்கக் கேட்டது. அன்னப்பூரணி குறுகிப்போனாள். புருசன் அசந்து தூங்குகிற நேரம் பார்த்து, பக்கத்துக் கட்டிலடிக்குப் போய், "அவருக்குத் தெரியவே வேணாம் காக்கா" என்று, சொந்த அண்ணனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டு, காதோடு காதாகக் கெஞ்சியவள் அவள். அதற்கா இப்படி ஒரு கத்தல்?

அவள் ஒன்றும் கேட்கக் கூடாததைக் கேட்கவில்லை. ஏறாவூர் மீராசாஹிப்பின் இடது கண்ணுக்குள்ளே, பின்பக்கம் ஒரு கட்டி. கண்ணோடு எடுக்காவிட்டால் உயிருக்கே மோசம். ஆனால் அந்தக் கண்ணின் முன்பக்கம் பளிங்கு மாதிரிச் சுத்தம்.

அவளுடைய மனிசன் இளையதம்பிக்கு நேர்மாறு. உள்ளே எல்லாம் நல்லம். களத்தில் சூடு மிதித்து நெல் பிரிக்கும்போது நெற்சுணை குத்திப் புண்ணாகி, கருமணிமேல் பூ விழுந்துவிட்டது. மற்றக் கண் சின்ன வயசிலேயே அம்மையில் போனது. இப்போது சோற்றுக் கோப்பையையும் தடவித்தான் எடுக்கிறான்.

ஒரு கண்ணின் முன்தோலை வெட்டி இன்னொரு கண்ணில் வைத்துத் தைக்கத் தெரிந்த டொக்குத்தர் கொழும்பிலிருந்து வந்திருந்தார். சனிக்கிழமை ரயிலேறிவிடுவார். இந்த யுத்த காலத்தில் இனி எப்போது வருவாரோ, யார் கண்டது?

வீணாகப் போகிற கண்தானே, கொடுத்தால் என்ன என்பீர்கள். டொக்குத்தரும் அதைத்தான் சொன்னார். முதலில் மாட்டேன் என்றவன் இளையதம்பி.

உன்னிச்சை வட்டையில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து வயல். யப்பான்காரன் குண்டு போட்ட வருசம் தண்ணீர் திருப்புகிற சண்டையில் வாய்த்தர்க்கம் முற்றி, "என்ட கண்ணாணச் சொல்றன், இனி உன்ட கையால ஒண்டும் வாங்கமாட்டன்" என்று நாலுபேர் முன்னால் இளையதம்பி சத்தியம் பண்ணிவிட்டான். கண்மேல் ஆணையிட்டு மீறினால் கண் போகும் என்பார்கள். இந்த மனிசனோ கண் போனபிறகும் மீறமாட்டேன் என்று நிற்கிறான். நல்ல மனிசன்தான், பிடிவாதம் என்று வந்தால் சேற்றில் படுத்த எருமை.

மீராசாஹிப்பின் கத்தலில் அவன் விழித்துக்கொண்டான். "கேட்டியா, ஏன்டி அவனிட்டப் போனாய்" என்று அவளைத்தான் ஏசினான்.

மறுநாள் காலையில் டொக்குத்தர் ஒரு புதினத்தோடு வந்தார். திருகோணமலையில் செத்துப்போன வெள்ளைக்காரப் பட்டாளத்தான் ஒருவனின் கண் வந்திருக்கிறதாம். இளையதம்பி மறுபேச்சில்லாமல் ஓம் என்றான். பக்கத்து வயல்காரனின் கண் ஆகாது. ஏழு கடல் தாண்டி வந்தவனின் கண் ஆகும். எங்கே போய்ச் சொல்ல?

பூனைக்கண்ணாகிப் போகுமோ என்று அன்னப்பூரணிக்கு ஒரு கவலை. அந்தத் தோலுக்கு நிறமே இல்லை என்று டொக்குத்தர் சிரித்தார்.

வெட்டித் தைத்தார்கள். பிறகுதான் பெரிய தண்டனை. தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பை. அசையக் கூடாது, இருமக் கூடாது, கண் கட்டில் விரல் படவே கூடாது. வெங்காயத் தோல் மாதிரி ஒன்றைத் தைத்திருக்கிறது, ஒருதரம் கட்டை இழுத்தாலும் கண் போனதுதான், வைக்க இனி வேறு கண்ணும் இல்லை என்று சொல்லிவிட்டு டொக்குத்தர் ரயிலேறினார்.

அன்னப்பூரணி புருசனின் இரண்டு கையையும் பிடித்தபடியே கிடந்தாள். அவன் நித்திரையில் விரலை அசைத்தாலும் பிடியை இறுக்குவாள்.

ஏழு நாள், ஒரு கிழமை கழிந்தது. ஆஸ்பத்திரி டொக்குத்தர் கட்டை விலக்கிப் பார்த்து, தையல் பிடித்துவிட்டது, வெளிச்சம் தெரிகிறது, இன்னும் கொஞ்ச நாள் இப்படியே கிடந்தால் கண் தப்பும் என்றார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றைக்குத்தான் மீராசாஹிப்பை வீட்டுக்கு விட்டார்கள். எடுத்த கண்ணின் குழியில் பஞ்சு, அதன்மேல் கட்டு. மனிசன் பேசாமல் போகக் கூடாதா? இளையதம்பியின் கட்டிலடியில் நின்று, பெரிய நிலக்காரனைக் கூப்பிடுவதுபோல் ஒரு குத்தல் கதை.

"என்ன போடியார், இனி வெள்ளைக்காரன்ட கண்ணால வயல் பாக்கப்போறியளாக்கும். நல்ல காலம், என்ட கண் தப்பிற்று."

"உன்ட கண் ஆருக்கு வேணும்?" என்றான் இளையதம்பி. ஆள் அசையவில்லை. உதட்டில் மட்டும் ஒரு சந்தோசச் சிரிப்பு.

அன்னப்பூரணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னாலேயே ஓடி, முற்றத்தில் அவரை மறித்தாள். குனிந்து இரண்டு கை நிறைய மண்ணை அள்ளினாள். வயிறெரிந்தவள் மண்ணள்ளித் தூற்றினால் ஏழு தலைமுறைக்கும் ஆகாது என்று பயப்படுகிற ஊர் இது.

"கெஞ்சிக் கேட்டன் காக்கா. தராட்டிப் போகட்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு கிடக்கிற மனிசனையும் குத்திப்போட்டுப் போறியளே, நீங்க நல்லா இருப்பியளா?"

தூற்றக் கை ஓங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். அவர் முகத்தில் கோபத்தைக் காணோம். வாட்டு ஜன்னலை ஒருதரம் பார்த்துவிட்டு, குரலைத் தணித்தார்.

"ஏன் புள்ள நிப்பாட்டினாய்? தூத்து. இன்னும் சத்தமா ஏசு, உள்ளுக்கு அவனுக்குக் கேக்கட்டும். தைச்சிரிக்கிறது என்ட கண் எண்டு தெரிஞ்சா, அந்த மடையன் கட்டைப் பிச்செறிஞ்சிருவான்."