மூன்று மீட்டர் பத்து

அவள் பெயரை மட்டும்தான் வாசித்தார்கள்.

கோலூன்றித் தாண்டுதல், பெண்கள் பிரிவு. ஒலிபெருக்கி அவள் பெயரையும் கல்லூரியின் பெயரையும் சொல்லிவிட்டு, மூச்சு விடாமல் ஆண்கள் ரிலேவுக்குத் தாவிவிட்டது.

மைதானத்தின் கடைசி மூலை. வெளுத்துப்போன நீல மெத்தை. இரண்டு தூண்கள், நடுவே குறுக்குக் கம்பி. குடைக்கடியில் நாற்காலி போட்டு ஒரு நடுவர்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"வேற யாரும் வரலியாம்மா?"

"இல்ல சார்."

"அப்ப லேசாப் போச்சி. ரெண்டு மீட்டர்ல வைக்கேன். ஒரு தாண்டு தாண்டிட்டுப் போயிரு. கோல்டு உனக்குத்தான்."

ரிலே ஓடும் பக்கமிருந்து விசிலும் கூச்சலும் வந்தன. ஊரே அங்கேதான் நின்றது.

போன வருடம் இதே மூலையில் இரண்டு பேர் இருந்தார்கள். அவளும் ஜெனோவாவும். முந்தின வருடமும் அப்படித்தான். இரண்டு தடவையும் ஜெனோவா முதல். இவள் இரண்டாவது.

அதற்கெல்லாம் முன்னால், ஏழாம் வகுப்பில், இருப்பதிலேயே உயரமான பிள்ளைகள் என்று இருவர் கையிலும் மூங்கிலைக் கொடுத்தார்கள். தாண்டி விழ மெத்தை கிடையாது. ஜெனோவாவின் அப்பா கடலுக்குப் போகிறவர். கிழிந்த வலைகளை அள்ளிக்கொண்டு வந்து மணலில் குவித்தார். அதன்மேல் விழுந்துதான் இருவரும் பழகினார்கள். உடம்பெல்லாம் மீன் வாடை அடிக்கும்.

கடலுக்குப் போகாத நாளெல்லாம் அவர் வந்து நிற்பார். மகள் தாண்டினாலும் கைதட்டுவார். இவள் தாண்டினாலும் கைதட்டுவார்.

அதே அப்பாதான் ஆவணியில் மகள் கல்யாணத்தை முடித்தார்.

"விளையாண்டது போதும்மா" என்றாராம்.

ஜெனோவா கடைசி வருடப் படிப்பை அப்படியே போட்டுவிட்டுத் தூத்துக்குடிக்குப் போனாள்.

கல்யாணச் சேதி கேட்டதும் இவள் மனசில் முதலில் வந்தது ஒன்றுதான். இந்த வருடம் நான் முதல்.

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"என்னம்மா, வைக்கட்டா?"

"மூணு பத்து வைங்க சார்."

நடுவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். போன வருடம் ஜெனோவா, மேலே ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டு, தாண்டிய உயரம் அது. இவள் ஒருநாளும் தாண்டியதில்லை.

"மூணு வாட்டியும் விட்டேன்னா ஒண்ணுமே கிடையாது. வெறுங்கையோட போணும். தெரியும்லா?"

"தெரியும் சார்."

கம்பி மேலே ஏறியது.

முதல் தடவை பாதி உயரம்கூடப் போகவில்லை. மெத்தையின் ஓரத்தில் சரிந்தாள். கோல் பின்னால் போய்த் தரையில் விழுந்து உருண்டது.

பயிற்சியில் ஒருத்தி தாண்டும்போது மற்றவள் பக்கத்தில் நின்று கோலைப் பிடித்துக்கொள்வாள். அது தரையில் விழுந்தால் இப்படிச் சத்தம் போடும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

எழுந்துபோய் அவளே எடுத்துவந்தாள்.

இரண்டாவது தடவை நெஞ்சு கம்பியில் இடித்தது. கம்பியும் அவளும் சேர்ந்து மெத்தையில் விழுந்தார்கள்.

நடுவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இங்க யாரும் பாக்கல. ரெண்டு மீட்டர் தாண்டுனேன்னு போட்டுக்கிடுதேன். போயி சாப்பிடும்மா."

அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம்.

விழுந்த கம்பியை அவரே எடுத்து, அதே உயரத்தில் வைத்தார்.

மூன்றாவது தடவை ஓடும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கால் சரியாக விழுந்தது. கோல் வளைந்து அவளைத் தூக்கியது.

கால்கள் கடந்தன.

இடுப்பு கடந்தது.

நெஞ்சு கடந்தது.

அந்த உயரத்தில் எவ்வளவு அமைதி.

இறங்கும்போது இடது முழங்கை கம்பியில் பட்டது. லேசாகத்தான் பட்டது.

மெத்தையில் மல்லாந்து கிடந்து பார்த்தாள். மேலே கம்பி நடுங்கிக்கொண்டிருந்தது. நின்றுவிடும் போலிருந்தது.

விழுந்தது.

நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கிப் பிடித்தார். பார்க்க ஆளில்லாவிட்டாலும், கை நீட்டி, முறையாகப் பிடித்தார்.

சாயங்காலம் பரிசளிப்பில் அந்தப் போட்டியின் பெயரையே வாசிக்கவில்லை.

கேலரி நிழலில் உட்கார்ந்து கோலைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஜெனோவா.

"ஏட்டி, என்னாச்சி?"

"செகண்டு."

அந்தப் பக்கம் யாரோ டீ கேட்டார்கள். "இருங்க, வாறேன்" என்று ஜெனோவா அங்கே சொல்வது கேட்டது. பிறகு ஒரு கதவைச் சாத்தும் சத்தம்.

"செகண்டா? அப்ப ஃபர்ஸ்ட் யாரு?"

நாலைந்து பேர் நீல மெத்தையை இழுத்துக்கொண்டு போனார்கள். அது போன தடம் மண்ணில் நீளமாகக் கிடந்தது.

"ஒரு பிள்ளை. உனக்குத் தெரியாது. நல்ல உயரம்."

"எவ்வளவு தாண்டுனா?"

"மூணு பத்து."

"என் ஹைட்டு."

"ஆமா."

"எப்பிடித் தாண்டுனா?"

இவள் சொல்லத் தொடங்கினாள். ஓடிவரும்போது தோள் ஆடவேயில்லை என்றாள். கடைசி அடியைக் கொஞ்சம் குறுக்கி வைக்கிறாள் என்றாள். மேலே போனதும் அவசரப்படுவதில்லை, அங்கேயே இருந்துவிடப் போகிறவள் மாதிரி ஒரு நொடி நிற்கிறாள், அப்புறம்தான் கையை விடுகிறாள் என்றாள்.

அந்தப் பக்கமிருந்து ஜெனோவாவின் மூச்சுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"எந்த வருசம் படிக்கா?"

"ரெண்டாவது."

"அப்ப அடுத்த வருசமும் வருவா."

இவள் கோலில் சுற்றிய துணியை மறுபடியும் இறுக்கினாள்.

அந்தப் பக்கம் கதவைத் தட்டினார்கள். ஜெனோவா பதில் கொடுக்கவில்லை. போனை வாய்க்கு மிக அருகில் கொண்டுவந்திருக்க வேண்டும். குரல் அவ்வளவு சின்னதாக, அவ்வளவு பக்கத்தில் கேட்டது.

"வரச் சொல்லுட்டி."