பன்னிரண்டாவது பூஜை

மழை கொட்டுகிறது.

கேரவனுக்கு வெளியே மே மாத வெயில். மழை கொட்டுவது கதை சொல்லும் இயக்குநர் வாயில்.

சோவென்று ஒரு சத்தம். நடுநடுவே அடித்தொண்டையிலிருந்து இடி. லாரி பிரேக் பிடித்து நிற்பதைப் பல்லைக் கடித்துக் காட்டினார்.

எதிரே ஹீரோ. பாதி மேக்கப்போடு, தட்டில் சாம்பார் சாதம் காய்வதை மறந்து உட்கார்ந்திருந்தான்.

லஞ்ச் பிரேக்கில் இருபது நிமிடம்தான் என்று அவன் மேனேஜர் செல்வின் சொல்லியிருந்தார். நாற்பது ஆகிவிட்டது. ஹீரோ இன்னும் செல்போனைத் தொடவில்லை. கோடம்பாக்கத்தில் ஒரு இயக்குநருக்கு இதைவிடப் பெரிய விருது கிடையாது.

ஹீரோவுக்கு இருபத்தாறு வயது. அவருக்கு ஐம்பத்து நான்கு. அதனால் அவர்தான் சார் போட்டார்.

"இறங்குறீங்க சார். ஏழு வருஷம். நீங்க செத்துட்டீங்கன்னு ஊரே காரியம் பண்ணி முடிச்சாச்சு. சொந்த வீட்டு வாசல்ல நனைஞ்சுக்கிட்டு நிக்கிறீங்க. ஜன்னல் வழியா எட்டிப் பாக்குறீங்க. செவுத்துல உங்க போட்டோ. மாலை போட்டு, பொட்டு வெச்சு."

கையை ஓங்கினார். கேரவனில் கூரை தாழ்வு. கை முட்டி விளக்கில் இடித்தது. அந்த வலியையும் நடிப்பில் சேர்த்துக்கொண்டார்.

"கதவைத் தட்டுறீங்க. உள்ள தாழ்ப்பாள் நகர்ற சத்தம்."

மூச்சு வாங்கியது.

"இன்டர்வல்."

எந்தக் கதையிலும் இந்த இடத்தில்தான் எல்லாம் நடக்கும்.

இந்த இடத்தில்தான் தயாரிப்பாளர்கள் எழுந்து வந்து கட்டிப்பிடிப்பார்கள். மிச்சத்தை ஷூட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை பூஜை. பேப்பரில் முழுப் பக்கம். உலக சினிமா வரலாற்றில் முதன்முறையாக.

அப்படிப் பதினோரு பூஜை. பதினோரு தேங்காய்.

படம் ஒன்றுமில்லை.

சரித்திரப் படத்துக்கு மீசை மட்டும் தயாரானது. கடல் படம் கதாநாயகிக்கு முதல் வாந்தி வந்ததோடு திரும்பிவிட்டது. இரட்டை வேடப் படத்தில் இரண்டு பேருக்குமே கால்ஷீட் இல்லை. பேட்டிகளில் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் வைத்திருந்தார்: காலம் இன்னும் தயாராகவில்லை.

இணையத்தில் அவருக்கு ரசிகர்கள்கூட உண்டு. வராத படங்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார்கள். வந்த படம் எடுத்தவர்களையெல்லாம் ஊர் திட்டுகிறது. இவரைத் திட்ட யாருக்கும் வாய்ப்பே அமையவில்லை.

உண்மைக் காரணம் சின்னது. பதினோரு கதைக்கும் இரண்டாம் பாதி கிடையாது. பூஜை முடிந்து ஒரு மாதத்துக்குள் அது யாருக்காவது தெரிந்துவிடும்.

பன்னிரண்டாவதுக்கும் கிடையாது.

ஹீரோ எழுந்து வந்து கட்டிப்பிடிக்கவில்லை.

"யார் சார் திறக்கிறா?"

அவருக்கு இது புதுசு. வழக்கமாக, ஃபைட் எத்தனை என்பார்கள். அறிமுகப் பாட்டில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்பார்கள். இவன் படத்தைப் பற்றியே கேட்கவில்லை. கதவைப் பற்றிக் கேட்கிறான்.

செல்வின் புகுந்தார். கதை பிரமாதம், வர்ற வெள்ளிக்கிழமை நல்ல நாள், பூஜையைப் போட்டுவிடுவோம், செகண்ட் ஹாஃபை டிஸ்கஷனில் பிடித்துக்கொள்ளலாம் என்றார். அனுபவஸ்தர். காலண்டரைப் பார்க்காமலே நல்ல நாள் சொல்வார்.

வெள்ளிக்கிழமை.

அவருக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. ரோஜா மாலை. கேமராவுக்குச் சந்தனம். பத்திரிகைக்காரர்களிடம் சொல்ல வேண்டிய முதல் வரி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தலையை ஆட்டினால் போதும்.

ஹீரோ அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. கதை கேட்கிற முகம். முப்பது வருடத்தில் அந்த முகத்தை அவர் பார்த்ததில்லை.

"வெள்ளிக்கிழமை வேணாம், செல்வின்."

தான் சொன்னதைக் கேட்டு அதிகம் அதிர்ந்தது அவர்தான்.

"யார் திறக்கிறான்னு எனக்குத் தெரியாது சார். எழுதல. எந்தக் கதைக்கும் இன்டர்வலுக்கு மேல எழுதினதில்ல."

செல்வின் கண்ணை மூடிக்கொண்டார். பிள்ளையார் சுழியோடு நிற்கிற படங்களை அவரும் பார்த்திருக்கிறார். பூஜையே வேண்டாமென்ற இயக்குநரைப் பார்த்ததில்லை.

வெளியே யாரோ ஷாட் ரெடி என்று குரல் கொடுத்தார்கள்.

ஹீரோ எழுந்தான். கை கழுவினான். கண்ணாடியில் முகத்தைப் பார்த்துத் தலையைச் சரிசெய்தான்.

போச்சு. ஒரு தேங்காய்கூட உடைபடாமல் நின்றுபோன முதல் படம். அதிலாவது முதல்தான் என்று நினைத்துக்கொண்டார்.

ஹீரோ படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினான்.

"ஒரு ஷாட்தான் சார். வந்துடறேன், போயிடாதீங்க. அதுக்குள்ள யாருன்னு பாத்து வைங்க."

செல்வினும் அவன் பின்னால் இறங்கிப் போனார்.

ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் உட்கார்ந்தார். நெஞ்சு திக்திக்கென்று அடித்தது. எந்தப் பூஜையன்றும் இப்படி அடித்ததில்லை. கால் தரையில் நிற்கவில்லை. சிரிப்புக்கூட வந்தது.

இந்தக் கதையை அவர் சொல்ல ஆரம்பித்து ஒன்பது வருடம். இத்தனை நாளும் கதையில் வருகிறவனோடு வாசலிலேயே நனைந்துகொண்டிருந்தார். தட்டிவிட்டு நின்றவனை அப்படியே விட்டுவிட்டு ஒவ்வொரு தடவையும் காபி சாப்பிடப் போயிருக்கிறார்.

கண்ணை மூடினார்.

முதன்முறையாக வீட்டுக்குள் போய்ப் பார்த்தார்.

அரை இருட்டு. சுவரில் மாலை போட்ட படம். கதவோரம் ஒருத்தி, தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றிருந்தாள்.

ஒன்பது வருடமாக.

கை மரத்துப்போயிருக்கும்.