பத்துக்கு ஒன்பது

"பத்துக் குண்டுல எத்தனை படும் மேடம்?" என்று கேட்டார் இழுவைப் படகின் ஓட்டுநர் கோவிந்தராஜ்.

"ஒன்பது," என்றாள் ஷோபனா.

"அரே பாப்ரே! இன்னும் சுடவே இல்லையே?"

"சுடுறதுக்கு முன்னாடியே சொல்லணும் அண்ணே. அதுக்குத்தான் புரோகிராம் எழுதியிருக்கேன். இன்னைக்கு ஒன்பது பட்டா அதைக் கப்பல்ல ஏத்துக்குவாங்க. இல்லன்னா ரெண்டு வருஷ உழைப்பு குப்பைக்கு."

அந்தமானின் சாத்தம் துறைமுகத்திலிருந்து கிளம்பி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. படகுக்குப் பின்னால், நீளக் கயிற்றின் முனையில், சிவப்பு மிதவை ஒன்று ஆடியாடி வந்தது. சுடப்போகும் கடற்படைக் கப்பல் அடிவானத்தில் பொட்டு போலத் தெரிந்தது.

"அவ்ளோ தூரத்துலேருந்து எப்படி மேடம் சொல்றீங்க?"

எப்படி என்று யாராவது கேட்டால் போதும், ஷோபனாவுக்கு முகம் மலர்ந்துவிடும்.

"குண்டு வந்து சேர இருபது விநாடி. அதுக்குள்ள மிதவை எவ்வளவு நகரும்? காத்து எவ்வளவு தள்ளும்? கப்பல் ஆடுமில்ல, அது வேற. பீரங்கிக் குழாய் தேய்ஞ்சிருந்தா குண்டோட வேகம் குறையும். வெடிமருந்து சூடா இருந்தா தூரம் கூடும். எல்லாத்தையும் சேர்த்தா, குண்டு விழுற இடத்துக்கு ஒரு வட்டம் போடலாம். அதுக்குள்ள விழுந்தா பட்ட கணக்கு."

முதல் குண்டு வந்தது. மிதவையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளித் தண்ணீர் வெள்ளையாக எழும்பி அடங்கியது. ஷோபனா தொலைநோக்கியில் பார்த்து நோட்டில் குறித்தாள்.

"டென்ஷன் மத் லோ மேடம், கவலைப்படாதீங்க. முதல் குண்டு அப்படித்தான் போகும்."

இரண்டாவதும் அங்கேதான் விழுந்தது. மூன்றாவதும். ஐந்தாவதற்குப் பிறகு கோவிந்தராஜ் பிளாஸ்க்கைத் திறந்து அவளுக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். ஒன்பதாவது விழுந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"படிச்ச புள்ளை நீங்க. மெயின்லேண்டுல வேற வேலையா கிடைக்காது?"

ஷோபனா ஒன்பதாவதையும் நோட்டில் குறித்துவிட்டுத் தொலைநோக்கியை உயர்த்தினாள்.

பத்தாவது குண்டு மிதவையின் நடுவில் இறங்கியது. சிவப்புப் பலகைகள் பறந்தன. இழுக்கக் கனமில்லாமல் படகு முன்னால் துள்ளியது.

"பட்டுச்சு மேடம்! ஏக்தம், சரியா நடுவுல! ஒண்ணாவது பட்டுச்சே!" கோவிந்தராஜ் ஹாரனை அழுத்திக் கொண்டாடினார்.

ஷோபனா நோட்டை மூடினாள்.

"அது ஒண்ணுதான் அண்ணே படலை. மிதவை உடைஞ்சா அடுத்தது மெயின்லேண்டுலேருந்து வர மூணு மாசம் ஆகும். அதனால மிதவையைக் குறி பார்த்துட்டு, பீரங்கியை ஆறு டிகிரி தள்ளித் திருப்பித்தான் சுடணும், வட்டம் அங்கதான் இருக்கு. பத்துல ஒரு தடவை திருப்ப மறந்துடுவாங்கன்னு புரோகிராம்ல போட்டிருந்தேன்."