மூன்றாம் மாடியின் மௌனம்

“ரிசல்ட் வந்தா யாரும் யாரையும் கேக்கக் கூடாது. பாஸோ ஃபெயிலோ, யாரும் வாயைத் திறக்கவும் கூடாது. நேத்து வேலைக்குச் சேர்ந்தவ மாதிரி என் மூஞ்சியைப் பார்க்காதே, ரனீம்!”

பக்கத்து இருக்கைத் தாமெர் தணிந்த குரலில் கடிந்துகொண்டான். கெய்ரோவின் அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் மூன்றாம் மாடியில், இந்த விதி எந்தச் சுவரிலும் ஒட்டப்படவில்லை. ஆயினும் அதை மீறியவர் எவருமில்லை. தேறியவர்கள் மாடிப்படிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வருவார்கள். தவறியவர்கள் முகம் கழுவப் போவார்கள்.

வாகன, சொத்துக் காப்பீட்டுக் கணிதத் தேர்வை ரனீம் எழுதியது இது மூன்றாம் முறை. இதிலும் தவறினால் படிப்பு விடுப்பு நின்றுபோகும். கீழ்த்தளத்தில் நசுங்கிய கார்களோடு வருகிறவர்களின் வசவைக் கேட்கும் இருக்கைக்கு மாற்றிவிடுவார்கள். மாற்றும் அதிகாரம் துறைத்தலைவர் ஷுக்ரியிடம் இருந்தது. அவரோ மூன்று மாதமாக அவளுக்கு எதிராகச் சான்று திரட்டிக்கொண்டிருந்தார். அப்படித்தான் அவள் நம்பினாள்.

நாள் தவறாமல் மதியத்தில் அவர் அறைக்கு அழைப்பு வரும். கதவைச் சாத்துவார்.

“உக்காரும்மா. கோஷரி ஆறிடும், சாப்பிட்டுக்கிட்டே சொல்லு. எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு வெச்சுக்கோ. முதல்லேர்ந்து ஆரம்பி.”

“ஒரு மைக்ரோபஸ் டிசம்பர்ல ஒரு காரை இடிச்சிருது, உஸ்தாத். கார்க்காரர் மார்ச்லதான் நம்மகிட்ட வர்றார். ஆனா டிசம்பர் கணக்கை முடிக்கிறப்பவே அந்த நஷ்டத்துக்கு நாம பணம் ஒதுக்கி வெச்சிருக்கணும்.”

“வராத ஆளுக்கு எப்படி ஒதுக்குவே? கனவுல வந்து சொல்லுவாரா?”

“இல்ல உஸ்தாத். பழைய வருஷ நஷ்டக் கணக்குகளை முக்கோணமா அடுக்கினா, நஷ்டம் எவ்வளவு மெதுவா வந்து சேருதுன்னு தெரியும். அதை வெச்சு வரப்போறதைக் கணிக்கலாம்.”

“மெதுவாப் போ. அந்த முக்கோணத்தை மறுபடி போடு.”

அவர் தம் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டே இருப்பார். ஒருநாள் அவள் ஒரு பெருக்கலில் திணறியபோது பென்சிலால் மேசையைத் தட்டினார்.

“இதுல நீயே தடுமாறினா எப்படிம்மா?”

அவள் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது.

“உன்னைக் கீழ அனுப்ப ஃபைல் தயாராகுது,” என்றான் தாமெர். “அந்த நோட்டு பூரா உன் தப்புதான் இருக்கும். வேணும்னா கீழ்த்தளத்துல ஜன்னலோர சீட்டாக் கேளு.”

ரனீம் அதன்பின் மெட்ரோவில் நின்றபடியும் படித்தாள். இன்று கேட்டதையே நாளை வேறு விதமாகக் கேட்பார் என்பதால், ஒவ்வொரு பாடத்தையும் மூன்று விதமாக விளக்கப் பழகினாள். அவரவருக்குக் குறித்த நாளில் எழுதும் அந்தத் தேர்வு நடந்த வாரத்தில், பல் பிடுங்க வேண்டும் என்று ஷுக்ரி ஒருநாள் விடுப்பெடுத்தார். அன்று ஒரு வேளையாவது நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

இப்போது மணி பதினொன்று. மாடி முழுவதும் கைப்பேசிகள் ஒளிர்ந்தன. எவரும் நிமிரவில்லை.

ரனீம் மேசைக்கடியில் வைத்துப் பார்த்தாள். கண்ணை மூடித் திறந்து மறுபடி பார்த்தாள். தேறியிருந்தாள்! உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாடிப்படியை நோக்கி நடந்தாள்.

படார் என்று கதவு திறந்தது. டை அவிழ்ந்து தொங்க, கையில் கைப்பேசியுடன் ஷுக்ரி நின்றார்.

“ரனீம்! பாஸா?”

தாமெர் நாற்காலியில் இன்னும் கீழே சரிந்தான்.

“உஸ்தாத்... இங்க எப்படிச் சொல்றது...”

“எல்லாரும் கேக்கட்டும். பாஸா, இல்லையா?”

“பாஸ், உஸ்தாத்.”

“அப்ப பாடம் சொல்லிக்குடுத்தவ மேல தப்பே இல்ல,” என்றவர், மாடி முழுவதற்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார். “நான்தான் எட்டாவது தடவையும் ஃபெயில்! நாளைக்கு மதியம் மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிம்மா.”