ஸ்டுடியோ கோட்டு

எல்லைச் சாவடியில் பாஸ் சரிபார்ப்பது என் வேலை. எதிரே இருக்கும் ஸ்டுடியோவில், பாஸ் படத்துக்கு வருகிற எல்லோருக்கும் ஒரே கோட்டைத்தான் மாட்டிவிடுவார்கள். நேற்று என் பாஸைப் புதுப்பிக்க நானும் மாட்டினேன். விண்ணப்பத்தில் ரேகை வைத்த மை காயாமல், வெட்டுத் தழும்போடு என் கட்டைவிரல் காலரில் பதிந்துவிட்டது.

"விடுங்க சார், படத்துல தெரியாது" என்றார் போட்டோக்காரர். தெரியவும் இல்லை.

இன்று காலையிலிருந்து வந்த பழைய பாஸ்களில் எல்லாம், கோட்டுக் காலரில் அதே வெட்டுத் தழும்போடு என் ரேகை இருக்கிறது. படத்தில் கறை இருந்தால் ஆளைத் திருப்பி அனுப்புவது விதி. பேரனைப் பார்க்கக் கிளம்பிய ஓர் அம்மாவிடம், ஒன்பது வருடப் பழைய படத்தைக் காட்டி, "என்னம்மா இது?" என்றேன்.

"எனக்கு முன்னாடி கோட்டு மாட்டிப் படம் எடுத்துக்கிட்டவரு விரல், தம்பி. நான் மாட்டுறப்போ மைகூடக் காயல."